வேர்வை மாப்பிள்ளை

அப்பா இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குப் படம் தேடிக்கொண்டிருந்தோம். தம்பியின் போனில் இருந்த படங்களில் பாதியில் அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்; ஒரு மரத்தை, பாறையை, பறந்துபோகிற ஏதாவது ஒன்றை. கேமராவைப் பார்த்து நின்ற படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. என் மகனுக்குக் காது குத்திய அன்று எடுத்தது. பட்டு வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. இதையே அனுப்பிவிடலாம் என்று தம்பி சொன்னபோது மாமா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் துண்டோட வேண்டாம்டா. திருமயம் ரோட்டுல வச்சோம்னா பாத்த சனம் பூராக் கண்மாய்க்குள்ள எறங்கிரும்" என்றான்.

ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருக்கிறார். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. தம்பியும் சிரித்தான். தலையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா காதிலும் அது விழுந்து, அவளும் குலுங்கிச் சிரித்து, சிரித்த வாயை மூடாமலே மறுபடி அழ ஆரம்பித்தாள். துக்கத்துக்கு வந்த எங்கள் தெருக்காரர்கள், இந்தக் குடும்பத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அவர் மட்டும் சிரிக்கவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வயசாகிவிட்டது, நிற்க முடியவில்லை போல என்று நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கப்பா எப்படிப்பட்ட ஆள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் புதுக்கோட்டை பஸ் டெப்போவில் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கிடப்பவர், ஏழாவது நாள் வானத்துக்கு அடியில் இருந்தே தீருவார். வீட்டுக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கண்மாய், பாறை, முந்திரிக்காடு என்று எங்கேயாவது போய் உடம்பெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்டு வந்தால்தான் மறுநாள் ஸ்பேனரைப் பிடிக்கக் கை வரும். இப்படித் திரிகிற ஆண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் போட்டுவிட்டுத் தூண்டிலும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். எங்கப்பாவுக்கு நாங்கள் இல்லாமல் ஒரு குட்டையைக்கூட எட்டிப் பார்க்கத் தெரியாது. மொபெட்டில் தம்பி முன்னால் நின்றுகொள்வான். நடுவில் நான் பிதுங்குவேன். பின்னால் அம்மா, அவள் மடியில் சோற்றுத் தூக்கு. பக்கவாட்டில் ஊத்தா கட்டித் தொங்கும். ஊத்தா என்பது மூங்கில் குச்சிகளை வரிந்து கட்டிய கூடை; மேலும் கீழும் வாய் திறந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் சேற்றோடு அழுத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே மாட்டிய மீனைப் பிடிக்க வேண்டும். நாங்கள் தெருவைத் தாண்டும்போது எதிர் வீட்டுக்காரர், "சர்க்கஸ் கம்பெனி கெளம்பிருச்சுடோய்" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரிச் சொல்வார்.

கொடும்பாளூர் கோயிலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப்போனால் வாத்தியார் சிற்பத்தைக் காட்டுவார். அப்பா அழைத்துப்போனபோது விமானத்து இடுக்கில் குஞ்சு பொரித்திருந்த கிளியைக் காட்டினார். அந்த நிழலிலேயே உட்கார்ந்து புளிச்சோறு தின்றுவிட்டு, சாமி எங்கே என்று நான் கேட்டதற்கு, "அதைத்தானே இம்புட்டு நேரமாப் பாத்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஒருதடவை ஜெகதாப்பட்டினம் போய் விசைப்படகுகள் கரை சேருவதையே அரை நாள் வேடிக்கை பார்த்தோம். மீன் வாங்கவில்லை. வாங்கித் தின்கிற மீன் வயிற்றுக்கு மட்டும்தான், பிடித்துத் தின்கிறதுதான் மனசுக்கும் சேர்த்து என்று ஒரு நியாயம் பேசினார். கத்திரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டே அம்மா அந்த நியாயத்தை ஒரு வாரம் சொல்லிக் காட்டினாள்.

அவருக்கு உயிர் என்றால் மீன்பிடித் திருவிழாதான். அறுப்பு முடிந்து கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர் கூடி நாள் குறிப்பார்கள். விடிவதற்குள் சுற்றுப்பட்டி சனம் முழுக்க வந்து நாலு கரையிலும் நின்றுவிடும். ஆனால் ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மடைக்கு மேலே இருக்கிற சாமிக்குத் தேங்காய் உடைத்ததும், உரிமைப்பட்டவர் கரையில் ஏறி நின்று ஒரு வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே வீசுவார். வெள்ளை வீசுவது என்று அதற்குப் பேர். வீசின அந்த நிமிஷம் ஊரே தண்ணீரில் குதிக்கும். பிடித்த மீன் பிடித்தவருக்கு. ஆனால் விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெள்ளை வீசுகிறவரைத் தவிர வேறு யாரும் அன்றைக்குக் கரைக்கு வெள்ளைத் துண்டோடு வரக்கூடாது. சிவப்போ பச்சையோ கட்டம் போட்டதோ, எதுவும் இருக்கலாம். தூரத்தில் நிற்கிறவனுக்கு முகமா தெரியும், வெள்ளைதான் தெரியும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

அம்மா பிறந்த ஊர் திருமயத்துக்குத் தெற்கே, பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த ஊர்க் கண்மாயில் வெள்ளை வீசும் உரிமை இரண்டு வீட்டுக்கு. ஒன்று எங்கள் மாமா வீடு. இன்னொன்று அவருடைய பங்காளி வீடு. இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர்தான். ஒரு வருஷம் இவர், மறுவருஷம் அவர் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் மழை பொய்த்தது. நான் ஐந்தாவது படித்த வருஷம் கண்மாயில் தவளை முங்கக்கூடத் தண்ணீர் இல்லை. திருவிழாவும் இல்லை. அது மாமா முறை. அடுத்த வருஷம் கண்மாய் நிரம்பி வழிந்தது. இப்போது யார் முறை?

"நான் துண்டைக் கையில தொடவே இல்லையே, என் முறை அப்படியே நிக்கிது" என்றார் மாமா. "வருஷம் போச்சுல்ல, அதோட ஒன் முறையும் போச்சு" என்றார் பங்காளி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் வினையாகிவிட்டது. ஒரு பக்கம் அநியாயமாக இருந்தால் ஊர் நாலு வார்த்தை சொல்லி அடக்கியிருக்கும். டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லது கெட்டதுக்குப் போவது நின்றது. நீ வீசினால் உன் கை இருக்காது என்று அவரும், நீ வீசினால் உன் தலை இருக்காது என்று இவரும் ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருமே சொன்ன சொல்லை விழுங்கத் தெரியாத ஆட்கள்.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்து, கட்டிக்கொடுத்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் பானையும் கரும்புமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் அந்த அண்ணன்தான். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த ஒரு ஆள்.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்தோம். மாமா வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அத்தை அம்மாவை அடுப்படிக்குள் இழுத்துப்போய், கூரை எறவானத்தில் செருகி வைத்திருந்த அருவாளைக் காணவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். வெளியே நின்ற என் காதில் அது விழுந்தது. காணவில்லை என்றால் தேட வேண்டியதுதானே? எனக்கு அவ்வளவுதான் விளங்கியது. நானும் மாமா மகனும் விறகுக் கட்டு, மாட்டுக்கொட்டகை, குதிருக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடாமல் தேடினோம். கிடைக்கவில்லை என்று நான் போய்ச் சொன்னதும் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒரு அருவாளுக்கா இம்புட்டு அழுகை, சந்தையில் புதுசு வாங்கினால் போச்சு என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்பா மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னவோ பேசிப் பார்த்தார். "இது எங்க ஊரு விசயம் மாப்ள. மீன் பிடிக்க வந்தீங்களா, பிடிச்சிட்டுப் போங்க" என்று மாமா வெட்டினாற்போலச் சொல்லிவிட்டார். அப்பா எழுந்து வந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஊத்தாக் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை. மாமா மகனிடம், நாளைக்குப் பார், கண்மாயிலேயே பெரிய விரால் எங்கப்பா ஊத்தாவில்தான் விழும் என்று பந்தயம் கட்டியிருந்தேன். என் ரிப்பனை அவனும் அவன் பம்பரத்தை நானும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ரிப்பனை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

மாசிக் கடைசி அது. விடிகாலையில் கரையில் நடந்தால் புல்லில் இருந்த பனி பாவாடை ஓரத்தையெல்லாம் நனைத்தது. தம்பி குளிரில் நடுங்குகிறான் என்று அம்மா முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். நாங்கள் மடைக்குக் கொஞ்சம் தள்ளி, கரைமேல் ஒரு பனையடியில் நின்றோம். அப்பா தலையில் சிவப்புத் துண்டு, கையில் ஊத்தா. நாலு கரையிலும் தலை, தலை, தலை. மீன்கள் துள்ளித் துள்ளி விழுகிற சத்தம் கேட்கிறது. எதிர்க் கரையிலிருந்து இளவட்டங்கள் விசில் அடிக்கிறார்கள்.

மடையில் மாமா நின்றிருந்தார், அக்குளில் மடித்த வெள்ளைத் துண்டு. எதிரே பங்காளி, அவர் அக்குளிலும் மடித்த வெள்ளைத் துண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் பூசாரி, கையில் உடைக்காத தேங்காய். யார் பேருக்கு உடைப்பது என்று தெரியாமல் அவர் தேங்காயைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் இங்கிட்டு நாலு வார்த்தை, அங்கிட்டு நாலு வார்த்தை என்று அலைந்தார்கள். சூரியன் மேலே வந்துவிட்டது. வெள்ளையை வீசுங்கப்பா என்று சனம் கூச்சல் போடத் தொடங்கியது.

அப்பா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மாமாவுக்குப் பின்னால் நின்ற ஆள் ஒரு சாக்கு வைத்திருந்தார், அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் பிடிக்கும் முன்னாலேயே சாக்கு எப்படிக் கனமாகத் தொங்குகிறது என்று கேட்டேன். பங்காளி பக்கமும் அதே மாதிரி ஒரு சாக்கு இருந்தது.

மாமா அக்குளிலிருந்து துண்டை எடுத்தார். ஒரு மடிப்பை விரித்தார். சாக்கு வைத்திருந்த ஆள் அதற்குள் கையை விட்டார். அம்மாவின் பிடி இறுகி, தம்பி வலிக்கிறது என்று கத்தினான்.

அவள் அவனை விட்டுவிட்டுக் குனிந்தாள். சோற்றுத் தூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவிழ்த்தாள். வெளுத்த வெள்ளைத் துணி. "ஏங்க, ஒரேயடியா வேர்க்குது பாருங்க ஒங்களுக்கு. தொடைங்க" என்று அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். வாங்கினார். நெற்றியைத் துடைத்தார். அப்புறம் மேடான இடமாகப் பார்த்து ஏறி நின்று அதை உதறினார். உதறுவது என்றால் ஒருதரம் உதறினால் போதாதா? தலைக்கு மேலே கையைத் தூக்கி, காற்றில் படபடவென்று.

எதிர்க் கரையில் ஓ என்று ஒரு சத்தம் கிளம்பியது. அவ்வளவுதான். மேற்குக் கரை இறங்கியது, வடக்குக் கரை இறங்கியது, கண்மாய் முழுக்க ஆள். நில்லுங்கப்பா, நில்லுங்கப்பா என்று மடையில் நின்றவர்கள் கத்தினது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. தண்ணீர் கலங்கிச் சேறாகிவிட்டது. விரால் கண்ணுக்கு எதிரே துள்ளும்போது பகைக்காகக் கரையில் நிற்க எவனுக்குப் பொறுக்கும்? முதலில் பங்காளியின் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர்கள் பிடித்துவிடப் போகிறார்களே என்று மாமாவின் ஆட்கள் இறங்கினார்கள். சாக்கு வைத்திருந்த ஆளும் அதைப் பொத்தென்று போட்டுவிட்டு ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூசாரி தேங்காயோடு நின்றார். மாமாவும் பங்காளியும் ஆளுக்கொரு துண்டோடு எதிரெதிரே நின்றார்கள்.

முதலில் கத்தினது அம்மாதான்.

"அறிவு கெட்ட மனுசன்! கம்மாக்கரையில நின்னு வெள்ளைத் துணியை ஒதறுற ஆளை ஒலகத்துல எங்கயாச்சும் பாத்திருக்கீங்களாய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமா ஓடிவந்தார். பங்காளி ஓடிவந்தார். தேங்காய் உடைக்காமல் இறங்கியாகிவிட்டதே, சாமி குத்தமாகிவிட்டதே என்று ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார். மாசக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் அன்றைக்கு ஒரே குரலில் எங்கப்பாவைத் திட்டினார்கள். "மாப்ளயாப் போயிட்டீரு" என்று இவர் ஆரம்பித்தால், "இல்லைன்னா இந்நேரம் பனையில கட்டி வச்சிருப்போம்" என்று அவர் முடித்தார். அப்பா கைகட்டிக்கொண்டு நின்று, கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "வேர்த்துச்சு மச்சான். தொடைச்சேன், ஒதறுனேன்."

கரையிலேயே ஊர் கூடிப் பேசியது. மாப்பிள்ளை சாமிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுத் தேங்காய் உடைக்க வேண்டும். இனி இந்தக் கண்மாய்த் தண்ணீரில் அவர் கால் நனைக்கக் கூடாது. அப்பா தலையாட்டினார். அப்புறம் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வருஷம் இரண்டு வீடும் வீசவில்லை, அசலூர் மாப்பிள்ளை வீசிவிட்டார், ஆகவே பழைய முறையெல்லாம் அற்றுப்போய்விட்டது, அடுத்த வருஷம் யார் வீசுவது என்று சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்துப் புதிதாகத் தொடங்குவோம் என்றார். யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை. மாமா தலையை ஆட்டினார். பங்காளியும் ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் மடையில் உட்கார்ந்து ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் ஊத்தா கரையில் காய்ந்தபடி கிடந்தது. பம்பரம் போச்சு, ரிப்பனும் போச்சு. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது அடுத்தவர்கள் பிடித்துக் கொடுத்த மீன். அதில் பெரிய விரால் பங்காளி வீட்டிலிருந்து வந்தது. அப்பா முள் எடுத்துத் தம்பிக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் ருசித்துச் சாப்பிட்டார். மானம் ரோஷம் இல்லாத மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு நல்ல செய்தி, அருவாள் கிடைத்துவிட்டது. அத்தை அதைப் பழையபடி எறவானத்தில் செருகிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேனே அத்தை, எங்கேயும் போயிருக்காது என்றேன்.

சாயங்காலம் மொபெட்டில் கிளம்பினோம். நாள் முழுக்க வைது தீர்த்த அம்மா, ஊர் எல்லை தாண்டியதும் எனக்கு மேலாகக் கையை நீட்டி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுவது என் உச்சந்தலையில் ஈரமாக விழுந்தது. அவமானம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன். புதுக்கோட்டை வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு வேர்வை மாப்பிள்ளை என்றே பேர் நிலைத்துவிட்டது. கல்யாண வீடு, காது குத்து எங்கே போனாலும், "வேர்வை மாப்ள வந்துட்டாரு, அந்த ஃபேனை இங்கிட்டுத் திருப்புங்கப்பா" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது மாமா குரலாக இருக்கும். பெரிய ஸ்டாண்டு ஃபேனை நிஜமாகவே அப்பா முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள். அப்பா முடி பறக்கச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பெரிய மனுஷியான சடங்கு வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. எனக்கு அந்த ஃபேனைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும்.

பேச்சு பக்கத்து ஊர்களுக்கும் பரவிவிட்டது. எங்கே மீன்பிடித் திருவிழாவுக்குப் போனாலும் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். இவரா, முதலில் துண்டை வாங்கி வை, கரையில் உட்காரச் சொல் என்பார்கள். விளையாட்டுப் போல ஆரம்பித்து, அதுவே வழக்கமாகிவிட்டது. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் எங்களைக் கூட்டிக்கொண்டு போவதை அவர் நிறுத்தவில்லை. ஊத்தாவை யாராவது ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுக் கரையில் எங்களோடு உட்கார்ந்துகொள்வார். அந்தா குமிழி வருது, அது கெளுத்தி. அங்கிட்டுச் சேறு நகருது, விரால் என்று விரலை நீட்டிக்கொண்டே இருப்பார். சில சமயம் அவர் கை தன்னால் ஊத்தாவை அழுத்துவது போல மண்ணில் பதியும். கடைசியில் அந்த ஊத்தாவை அம்மா கோழிக்குஞ்சு கவிழ்க்க எடுத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி. தம்பி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் உருமா கட்ட வேண்டும். தகப்பனை இழந்தவன் தலையில் புதுத் துண்டை முண்டாசாகக் கட்டி, இனி நீதான் குடும்பத்துக்குப் பெரியவன் என்று எழுப்பிவிடுகிற சடங்கு. மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த புது வெள்ளைத் துண்டைத் தாம்பாளத்திலிருந்து எடுத்தார். மடிப்புக் கலைய ஒருதரம் உதறினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"பனி எறங்குற மாசி மாசத்துல எவனுக்குடா வேர்க்கும்?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஒங்கப்பன் மூஞ்சியில ஒரு பொட்டு வேர்வை இல்லைடா. நான் பக்கத்துல நின்னு வைதேனே, எனக்குத் தெரியாதா? அவரு ஒதறலைன்னா ஒனக்கு இன்னைக்கு உருமா கட்ட நான் இல்லை. இருந்தாலும் ஜெயிலுக்குள்ள இருந்திருப்பேன். சொன்னா நாங்க ரெண்டு பேரும் மறுபடி சட்டையைப் பிடிச்சுக்குவோமேன்னு மொதல்ல வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு. கேலி பண்றது சுளுவா இருந்துச்சு, பண்ணிக்கிட்டே இருந்துட்டேன்."

துண்டின் ஒரு முனை அவர் கையிலிருந்து நழுவியது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து அந்தப் பங்காளி கம்பை ஊன்றி எழுந்து வந்தார். அவரும் எங்களுக்கு மாமா முறைதான். நழுவிய முனையைப் பிடித்தார். இரண்டு கிழவர்களுமாகச் சேர்ந்து தம்பி தலையில் உருமா கட்டினார்கள்.

வந்தவர்கள் கிளம்பின பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேர்க்குது என்று சொன்னது நீதானே என்று கேட்டேன்.

"நான்தான். எங்கண்ணன் எனக்கு வேணும்னு தோணுச்சு. வேற யாருகிட்டப் போயி நிப்பேன்?" என்றாள். பிறகு, "துணியை நீட்டும்போதே எனக்குத் தெரியும்டி, இனிமே எந்தக் கம்மாயிலயும் இந்த மனுசனை எறங்க விடமாட்டாங்கன்னு. அவருக்கும் தெரியும். ஒரு பார்வை பாத்தாரு, வாங்கிக்கிட்டாரு. அதைப் பத்தி ஒருநாளும் ஒரு வார்த்தை கேக்கலை" என்றாள்.

எனக்கு அப்பா கரையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தேன். எல்லோரும் தண்ணீருக்குள் நின்று கத்திக்கொண்டிருக்க, நீங்க ஏம்ப்பா எறங்கவே மாட்டேங்கிறீங்க என்று கேட்டேன். அவர் கண்மாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாரும் எறங்கிட்டா, கரையில ஒங்களை யாரு பாத்துக்கிறது?" என்றார்.

முழங்கால் தண்ணியில எவன்ப்பா முங்கப் போறான் என்று கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.